நாலாவது ஆள்

டீ தொண்டையில் இறங்கும்போது எரிந்தது. சூட்டால் இல்லை, சூடு போய் ஆடை கட்டிவிட்டது, கத்தின எரிச்சல். எந்தக் கத்தல் என்று கஜபதிக்குத் தெரியாதா என்ன, தெரியும், ஆனாலும் மனசு சாமர்த்தியமாக வேறு வேறு கத்தலை எடுத்து நீட்டியது. முதல் பாதியில் அந்த கார்னருக்குக் கத்தினாரே அதுவாக இருக்கும், கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பராக்குப் பார்த்தானே அப்போது கத்தினதாக இருக்கும். இல்லையப்பா, இல்லை. கடைசிக் கத்தல்தான். ‘ஹேமூ, வுடாத!’ என்று அடிவயிற்றிலிருந்து வந்ததே, அது. ஆட்டம் முடிந்து, பசங்கள் ஷூவைக் கழற்றி, குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்த பிறகும் அது தொண்டையை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தது. ஜெயித்திருந்தால் இந்நேரம் வளர்பிறை அணி கோப்பையைத் தூக்கிக்கொண்டு வியாசர்பாடி முழுக்க ஒரு சுற்று போயிருக்கும், பட்டாசுப் புகையில் கண் எரிந்திருக்கும். கோப்பை காசிமேட்டுக்குப் போய்விட்டது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் விழுந்த ஒரே கோல். அந்தக் கோல் செல்லாது, ஆஃப்சைடு, லைனில் கொடி பிடித்து நின்ற பெண் கொடியைத் தூக்காமல் குடியைக் கெடுத்துவிட்டாள் என்று மைதானத்துக்கு எதிரே இருக்கிற இந்த டீக்கடை முழுக்கத் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. அது ஆஃப்சைடு இல்லை என்று இந்தக் கூட்டத்தில் தெரிந்தவர் கஜபதி ஒருத்தர்தான். இன்னொருத்தனுக்கும் தெரிந்திருக்கலாம். அவன் கொஞ்சம் தள்ளி, நிறுத்தி வைத்த பைக்மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். லெஃப்ட் பேக், பின்வரிசையில் இடது ஓரம் ஆடுகிற ஹேமந்த், கஜபதியின் பையன்.

“இம்ரான் ‘ஏறு’ன்னு கத்துனது மெயின் ரோடு வரிக்கும் கேட்டுச்சு. கேட்டுச்சா இல்லியா?” என்றான் வெங்கட்டு. மொபைல் கடை வைத்திருக்கிறவன், சின்ன வயசு, எதைச் சொன்னாலும் சண்டைக்கு வருகிற மாதிரியே சொல்வான். “நாலு பேரும் ஏறிட்டானுங்க. நாலு பேரும் கைய தூக்கினு நிக்கிறானுங்க. கோல் அடிச்ச அந்தப் பதினொண்ணாம் நம்பர் பின்னாடி தனியா நிக்கிறான். கண்ணு தெரியாதவனுக்குக் கூட தெரியும்.” நாலு பேரும். கஜபதி டம்ளரைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். நாலு பேரும் என்று எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது இவனுக்கு. ‘ஏறு’ என்பது வளர்பிறையின் சொல். நடுவில் நிற்கிற இம்ரான் அந்தச் சொல்லைச் சொன்னால் பின்வரிசை நாலு பேரும் ஒரே மூச்சில் முன்னால் ஓடி வர வேண்டும். பந்தை உதைக்கிற அந்த நொடியில் எதிராளி அவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வான், லைனில் கொடி ஏறும், ஆஃப்சைடு. எத்தனையோ ஆட்டம் இதை வைத்தே ஜெயித்திருக்கிறார்கள். மூணு பேர் ஏறி ஒருத்தன் மட்டும் பின்தங்கினால் போச்சு, எல்லாம் போச்சு, கொடி ஏறாது, ஏறக் கூடாது, அந்த ஒருத்தன் இருக்கிற இடம்தான் கோடு. இதை இந்தத் தெருவுக்கே சொல்லிக் கொடுத்தவர் கஜபதி. சொல்லிக் கொடுத்தவன் வாய்க்குள் இப்போது என்ன இருக்கிறது? ஆறிப்போன டீ இருக்கிறது.

சாலமன் போனை நீட்டினான். கஜபதியோடு அந்தக் காலத்தில் விங்கில் ஆடியவன், இப்போது தொப்பை. கோல்போஸ்டுக்குப் பின்னால் நின்று எடுத்த வீடியோ. தலைகள் போனைச் சுற்றிக் கவிழ்ந்தன. “தோ, தோ, இங்க நிறுத்து... கொஞ்சம் பின்னாடி போ... தோ பாரு, பந்து காலுல பட்டுச்சு, இவன் எங்க கீறான் பாரு!” என்றான் சாலமன், ஆட்காட்டி விரலால் திரையைக் குத்தினான், படம் பெரிதாகி ஓடி மறுபடி நின்றது. கஜபதியும் பார்த்தார். பார்க்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று பார்த்தார். திரையில் இம்ரான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், அவன் பக்கத்தில் ஒருத்தன், அந்தக் கோடியில் ஒருத்தன். மூணு பேர். மூணு. இடது பக்கம் படம் முடிந்துவிட்டது, கோல்போஸ்ட் கம்பி மறைத்துவிட்டது, ஹேமு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கம்பி மட்டும். இத்தனை பேர் இத்தனை தடவை பார்த்தும் ஒருத்தனுக்கும் நாலாவது ஆள் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லையே, ஆண்டவனே, தோன்ற வேண்டாம், தோன்றவே வேண்டாம். ‘இன்னொரு வாட்டி போடு’ என்று யாரோ சொன்னபோதெல்லாம் கஜபதி சாலமனின் விரலையே பார்த்தார். இந்தத் தடவை கேட்டுவிடுவான். இந்தத் தடவை எவனாவது ஒரு புத்திசாலி, ஆமா, லெஃப்ட்ல யாரு என்று கேட்டுவிடுவான். கேட்கவில்லை. படம் மறுபடி ஓடி, பந்து மறுபடி வலைக்குள் போனது. வலைக்குள் போகிற பந்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அது ஒரு தடவையாவது வெளியே போகும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது அவருக்கு. சாலமன் போனை அணைத்து, “பொம்பளப் புள்ளய கொடி புடிக்க வச்சா இப்டித்தான்” என்றான். இரண்டு பெண்ணைப் பெற்றவன் அவன்.

அந்தப் பெண் எங்கே நின்றாள் என்று இவர்களுக்கு என்ன தெரியும். கஜபதி அவளுக்குப் பின்னாலேயே, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார், கையை நீட்டினால் தொடுகிற தூரம். ஆட்டம் முழுக்க அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் தப்பாகப் போய்விடும், கால்களைப் பார்த்தார். கால் பேசும். பின்வரிசை எங்கே நகர்ந்தாலும் அவள் பக்கவாட்டில் நண்டு மாதிரி கூடவே நகர்ந்தாள், ஒரு இடத்தில் கூடப் பிந்தவில்லை, சும்மா சொல்லக் கூடாது, இத்தனை வருஷத்தில் இப்படிக் கோட்டோடு ஒட்டி நகர்ந்த ஆளை அவர் பார்த்ததில்லை. மஞ்சள் சட்டை, கறுப்பு டவுசர், கிளிப் குத்தி இறுக்கிக் கட்டிய முடி, கழுத்தில் வெயில் சுட்ட கறுப்பு. ரெஃப்ரி ஒரு தடவை ‘ஷெர்லி’ என்று கூப்பிட்டார். பேர் அதுதான் போல. இங்கே யாரும் பேரைக் கேட்கவில்லை, ‘அது’ என்கிறார்கள், ‘அந்தம்மா’ என்கிறார்கள், வெங்கட்டு இன்னும் மோசமாக ஒன்று சொன்னான். அந்தக் கோலுக்கு முன்னால் பந்து நடுவில் இருந்தது, காசிமேட்டுப் பையன் தலையைத் தூக்கிப் பார்த்தான், இம்ரான் ‘ஏறு’ என்றான், அதே நேரம் பதினொன்று தோளைச் சாய்த்து ஓடத் தயாரானதைக் கஜபதி பார்த்தார், வாய் தானாகத் திறந்தது. ஹேமூ, வுடாத! அவளுடைய தோள் திடுக்கென்று தூக்கிப் போட்டது. காதுக்குப் பக்கத்தில் ஒரு ஆம்பிளை இடி மாதிரி கத்தினால் தூக்கிப் போடாதா. தோள்தான் தூக்கிப் போட்டது, கொடி அசையவில்லை. கண் கோட்டை விட்டு நகரவில்லை. மூணு பேர் ஏறினார்கள். ஹேமு நின்றான். நின்ற இடத்திலேயே நின்று, கையை மட்டும் எல்லாரோடும் சேர்த்துத் தூக்கினான். ஏன்டா கையைத் தூக்கினாய், நீ தூக்கியிருக்கக் கூடாதேடா. இல்லை, அவனைச் சொல்லி என்ன, வுடாத என்றது யார். அப்பன் கத்துகிறான், எதிராளியை விடாதே என்கிறான், பிள்ளை விடாமல் கூடவே நின்றான். இம்ரான் ஏறு என்கிறான், அப்பன் வுடாத என்கிறான், இருபது வயசுப் பையன் யார் பேச்சைக் கேட்பான்? அப்பன் பேச்சைக் கேட்டான். அதுதான் நடந்தது. அப்படித்தான் நடந்திருக்கும்.

நாலு பசங்களையும் இடுப்பில் ஒரே நைலான் கயிற்றால் கட்டித்தான் இந்த வரிசையைப் பழக்கினார் கஜபதி. அப்போது எல்லாருக்கும் எட்டு வயசு, ஒன்பது வயசு. அவர் வேலை பார்க்கிற பஸ் டெப்போவில் டயர் இறக்குகிற கயிறு அது. ஒருத்தன் பிந்தினால் கயிறு இழுத்து நாலு பேரும் விழுவார்கள், முட்டி சிராய்க்கும், அம்மாக்கள் வந்து திட்டுவார்கள், இன்னாய்யா மாட்டைக் கட்டுற மாதிரி கட்டிக்கினு. ஒரு மாசத்தில் கயிறு தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்கள். எவ்வளவு பெருமை அப்போது! ஹேமு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏறிவிட்டு இவர் முகத்தைப் பார்ப்பான், சரியா என்று. இவர் கத்துவார், என் மூஞ்சில இன்னாடா கீது, பந்தப் பாரு. கத்தாமல் பிள்ளை வளர்க்க முடியுமா? பெண்டாட்டி குமுதா முடியும் என்கிறாள். ஒரே ஒரு ஆட்டத்துக்கு வந்தாள் அவள், பாதியிலேயே எழுந்து போனாள். ராத்திரி சோறு போடும்போது, “அங்க இருபத்திரண்டு பேர் ஆடுனாங்க, எனக்கு உன் கொரல் மட்டும்தான் கேட்டுச்சு. அவனுக்கும் அப்டித்தான இருக்கும்?” என்றாள். அப்போது இவருக்குக் கோபம் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். இன்றைக்குப் போய் இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? அவள் கேட்கவே மாட்டாள், பிள்ளை முகத்தைப் பார்ப்பாள், இவர் முகத்தைப் பார்ப்பாள், தெரிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். ஐயோ, அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டினால் தேவலை. கஜபதி பைக் பக்கம் பார்த்தார். ஹேமு தலையைத் தூக்கவில்லை. ஈர முடியிலிருந்து தண்ணீர் அவன் டவுசர்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போய்த் தோளில் கை வைக்கலாமா? வைத்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

டீக்கடைப் பக்கத்துச் சுவரோரம் ஒரு ஊதா ஸ்கூட்டி நின்றது. அவளுடையது. வெங்கட்டு அதன்மேல் ஏறி, ஒரு காலை மடக்கி, சொந்த வண்டி மாதிரி உட்கார்ந்திருந்தான். “எங்க போயிடும், இங்கதான வரணும்” என்று அவன் சொன்னபோது பத்துப் பேர் சிரித்தார்கள். வரட்டும், கேமராவுக்கு முன்னால் நிற்க வைத்து, நான் பண்ணது தப்பு என்று சொல்ல வைத்து, அதை எல்லா குரூப்பிலும் போட்டுவிடுவது, அதுதான் பேச்சு. அணியின் செயலாளர் தணிகா அதட்டுவார் என்று கஜபதி எதிர்பார்த்தார். பெரிய மனுஷன், வெள்ளைச் சட்டை. தணிகா அதட்டவில்லை. “கைய கிய்ய வச்சிராதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, கஜபதி பக்கம் சாய்ந்து மெதுவான குரலில், “டிவிஷன் கிளப்காரர் போன் பண்ணாரு கஜா. நம்ம ஹேமந்தத்தான் விசாரிச்சாரு. அந்தக் கோல் எப்டி ஆச்சுன்னு கேட்டாரு. லைன்ஸ்மேன் தப்புன்னு சொல்லிட்டேன். வீடியோவும் அனுப்பறேன்னுட்டேன். நீ கவலப்படாத” என்றார். டிவிஷன் கிளப். லீக்கில் ஆடுகிற பெரிய கிளப், அங்கே இரண்டு சீசன் ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, டயர்க் கறுப்பு ஏறாத கையோடு மாசச் சம்பளம். தலையை ஆட்டினார் கஜபதி. ஆட்டிய தலையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் ஒரு பெண், இன்றைக்கு அழுவாள், நாளைக்கு மறந்துவிடுவாள். மறப்பாளா? ஊர் முழுக்க வீடியோ ஓடினால் எந்தக் கமிட்டி அவள் கையில் மறுபடி கொடி கொடுக்கும்? அவளும் தன் வீட்டில் எவ்வளவு சண்டை போட்டு அந்த டவுசரைப் போட்டுக்கொண்டு வந்திருப்பாளோ. ஆனால் ஹேமு? இவர்களெல்லாம் இப்போது நல்லவர்கள்தான், உண்மை தெரிந்தால் பத்து வருஷத்துக்கு அவன் பேர் ‘கோப்பையக் கோட்ட வுட்டவன்’. கல்யாணத்தில் சொல்வார்கள், சாவில் சொல்வார்கள். நான்தான் கத்தினேன் என்று சொல்லிவிட்டால்? சொல்லலாம். சொன்னால் ஹேமு ஏறவில்லை என்பதும் சேர்ந்துதானே வெளியே வரும். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க வழியில்லை. கத்தின தொண்டைக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பயமாக இருந்தது. இந்த வயசில், சொந்த ஏரியாவில், தன்னை அண்ணா என்று கூப்பிடுகிற பசங்களுக்கு நடுவில் இப்படி ஒடுங்கி நிற்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் வராமல் இருந்தால், இவர்கள் சலித்துப்போய்க் கலைந்துவிட்டால். கலைந்துவிடுங்களேன்டா. வீட்டில் ஆள் இல்லையா உங்களுக்கு.

கேட்டுக்குள்ளிருந்து வந்தாள். பையைத் தோளில் மாட்டி, ஹெல்மெட்டை முழங்கையில் கோத்திருந்தாள், கொடி பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்து ஒரு நொடி நின்றாள், பிறகு நேராகத் தன் வண்டியைப் பார்த்து நடந்தாள். “அண்ணா, வண்டி எடுக்கணும்.” வெங்கட்டு இறங்கவில்லை. சாலமன் போனைத் தூக்கிப் பிடித்தான். “எடுக்கலாம்மா. கேமராவப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. அது ஆஃப்சைடா இல்லியா?” என்றான் வெங்கட்டு. அவள் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். வார்த்தை தெளிவாக வந்தது. “இல்லண்ணா. லெஃப்ட் பேக் ஏறல. அவர் உள்ளதான் நின்னாரு. அவர் நிக்கும்போது நான் கொடி தூக்க முடியாது.” ஒரே இரைச்சல். எந்த லெஃப்ட் பேக், இன்னாத்த பாத்த நீ, நாலு பேரும் ஏறினாங்க, வீடியோ கீதும்மா. இரைச்சலுக்கு மேலே வெங்கட்டு கையைத் தூக்கினான். “இரு, இரு. கஜாண்ணா அந்தப் பக்கம்தான் நின்னுக்கினு இருந்தாரு. லைனப் பத்தி அவர வுட்டா இங்க யாருக்குத் தெரியும்? அண்ணா, நீயே சொல்லு. உம் புள்ள ஏறுனானா, இல்லியா?” எல்லா முகமும் திரும்பியது. கேட்டுவிட்டார்கள். சாயங்காலம் முழுக்க எதற்குப் பயந்தாரோ அது அவர் பேரைச் சொல்லியே வந்துவிட்டது. சொல்லுடா கஜா, வாயைத் திற. திறந்தார். “எனக்கு... வெயில் மூஞ்சில அடிச்சுதுப்பா. சரியாத் தெரியல.” சொல்லும்போதே நாக்கு கசந்தது. வெயில் அவர் முதுகில் அல்லவா அடித்தது. அவள் இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள், நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள், கோபம் கூட இல்லை அந்த முகத்தில். “என் பின்னாடி நின்னு கத்துனவர் நீங்கதான? எனக்கு இன்னும் காது கொய்ங்னு இருக்கு. நீங்க நல்லாப் பாத்தீங்களே அண்ணா” என்றாள்.

அதற்குமேல் அவரால் முடியவில்லை. “நான்தாம்மா” என்றார். “நான்தான்டா கத்துனேன், வெங்கட்டு. வுடாதன்னு கத்துனேன். அந்தச் சத்தத்துலதான் பையன் நின்னுட்டான். இல்லாட்டி ஏறியிருப்பான். ஆஃப்சைடு கெடயாது. தப்பு எம்மேல. அவம்மேல கெடயாது.” அப்பாடா என்று இருந்தது. அதே நேரம் உள்ளே ஒருத்தன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததும் தெரிந்தது, இப்படிச் சொன்னால் பழி எனக்கு, பிள்ளை தப்பித்தான், அப்பன் பேச்சைக் கேட்ட பிள்ளை என்று நல்ல பேர் கூட வரும். பரவாயில்லை, நிஜம்தானே. தணிகா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். வெங்கட்டு, “அண்ணா, புள்ளக்கோசரம் எதாச்சும் சொல்லாத” என்று ஆரம்பித்தான். அப்போதுதான் பைக்கிலிருந்து ஹேமு இறங்கி வந்தான். வெறுங்காலோடு வந்தான். கூட்டம் தானாக வழிவிட்டது. அவன் அப்பாவைப் பார்த்தான், சின்ன வயசில் பார்த்த மாதிரி சரியா என்று கேட்கிற பார்வை இல்லை. “எனக்கு அது கேக்கவே இல்லப்பா” என்றான். கஜபதிக்குப் புரியவில்லை. “நீ கத்துனது. கேக்கல. இம்ரான் கூப்ட்டதுதான் கேட்டுச்சு. அந்தப் பதினொண்ணு ரெண்டு வாட்டி என்னைத் தாண்டிப் போயிட்டான். ஏறுனா மறுபடியும் பின்னாடி ஓடிருவான்னு பயந்துட்டேன். கால் வரல. நான்தான் ஏறல.” பிறகு அவளிடம், “நீங்க போங்கக்கா” என்றான். சாலமன் போனை இறக்கினான். வெங்கட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்கூட்டியை விட்டு இறங்கினான். அவள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும், ஹெல்மெட்டை மாட்டி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். கொடி பைக்கு வெளியே ஆடிக்கொண்டே போனது. மன்னித்துக்கொள்ளம்மா என்று ஒரு வார்த்தை கஜபதி தயார் செய்து முடிப்பதற்குள் அவள் முனையைத் தாண்டிவிட்டாள்.

யாரும் ஹேமுவை அடிக்கவில்லை, திட்டக் கூட இல்லை. ஒவ்வொருத்தனாக டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள், அவன் பக்கம் பார்க்காமல் கிளம்பினார்கள், திட்டியிருந்தால் கூட இவ்வளவு வலிக்காது. தணிகா போனைக் காதில் வைத்துக்கொண்டு தூரமாக நடந்தார். யாருக்குப் பேசுகிறார் என்று தெரிந்தது. போகட்டும். கஜபதிக்கு அதைவிடப் பெரிய ஒன்று நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் முழுக்க இந்தக் கத்தலை வைத்துக்கொண்டு என்ன பாடு பட்டோம், அது அவன் காதில் விழவே இல்லை. பதினொரு வருஷமாகக் கத்தினதில் எது விழுந்தது, எது விழவில்லை? அவன் நிற்பதும் ஓடுவதும் தன் குரலில்தான் என்று நினைத்திருந்தாரே, அப்படியென்றால் அங்கே மைதானத்துக்குள் அந்தப் பிள்ளை யாரோடு இருந்தான்? தனியாக இருந்திருக்கிறான். அழுகை வந்தது அவருக்கு, டீக்கடைக்காரன் பார்க்கிறானே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “வண்டிய நீ ஓட்றியாப்பா? எனக்குக் கால் நடுங்குது” என்று ஹேமு சாவியை நீட்டினான். வாங்கிக்கொண்டார். ஏறி உட்கார்ந்து, சாவியைப் போட்டு, திருப்பாமல் இருந்தார். கேட்கக் கூடாது, வீட்டில் போய்க் கேட்கலாம் என்று நினைத்தார், ஆனால் கேட்டுவிட்டார். தொண்டை கட்டிப் போயிருந்ததால் குரல் மெதுவாகத்தான் வந்தது.

“எப்பருந்துடா பயம்?”

“மொதல்லருந்தேப்பா” என்றான் ஹேமந்த், பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டே.